வரவும் செலவும்: மட்டக்களப்பு வாவிக்கரைக் கூத்துக்களின் காட்சியமைப்பிற் பொருள்வளத்தின் பங்கு

ஈழத்து நாட்டுக்கூத்துக்கள் பற்றிய ஆராய்ச்சி கடந்த அறுபது ஆண்டுகளில் கணிசமான அளவு வளர்ந்துள்ளது. கூத்தின் தோற்றம், வடமோடி தென்மோடி வேறுபாடு, தாளக்கட்டுக்கள், ஆட்டமுறை, பாவினங்கள் என்பன பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். ஆயின், ஒரு கூத்தை ஆடுதற்கான பொருள் எங்கிருந்து வந்தது, அப்பொருளின் குறைவும் மிகுதியும் கூத்தின் உருவத்தை எவ்வாறு தீர்மானித்தன என்னும் வினா போதிய கவனத்தைப் பெறவில்லை. செலவைப் பற்றிப் பேசுவது கலையைப் பற்றிப் பேசுவதாகாது என்ற எண்ணம் நம் ஆய்வாளரிடை ஆழ வேரூன்றியிருப்பது இதற்கு ஒரு காரணமாகலாம். மட்டக்களப்பு வாவியின் இருகரைகளிலும் வழங்கிவந்த கூத்து மரபை எடுத்துக்கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறநாட்டுத் தொலைக்காட்சி நாடகங்களின் வரலாற்றிலிருந்து ஓரிரு செய்திகளை முதற்கண் நோக்குதல் பயனுடைத்து. அங்கு இவ்வினா வெளிப்படையாகவே கேட்கப்பட்டு வந்துள்ளது. பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1963ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி தொடங்கிய ‘டொக்டர் ஹூ’ என்னும் தொடரில் வரும் காலப்பயண ஊர்தி, சென்றடையும் ஒவ்வோர் இடத்திற்கும் ஏற்ப உருமாறவேண்டும் என்பதே கதையின் எண்ணம். ஒவ்வொரு கதைக்கும் புதியதோர் உருவைச் செய்வதற்குப் பணம் இடங்கொடாமையால், ஊர்தியின் உருமாற்றுங் கருவி பழுதுற்றது எனக் கதையிலேயே கூறி, அதனை என்றென்றும் நீலநிறப் பொலிஸ் பெட்டியாகவே நிறுத்திவிட்டனர். 1964இன் தொடக்கத்தில் அதே தொடரில் இரு பகுதிகள் ஊர்தியின் உட்புறத்தை மட்டுமே களமாகவும் நிலையான நடிகர் நால்வரை மட்டுமே பாத்திரங்களாகவும் கொண்டு ஆக்கப்பட்டன. புதிய காட்சியமைப்புக்கோ புதிய நடிகருக்கோ அங்குப் பணம் இருக்கவில்லை. வெளியிலிருந்து எவரும் வாராத அந்நிலையில், நால்வரும் ஒருவரையொருவர் ஐயுறுவதே கதையாயிற்று. அமெரிக்காவில் 1966இல் தொடங்கிய ‘ஸ்ரார் ரெக்’ தொடரில் விண்கலம் ஒவ்வொரு கோளிலும் இறங்குவதைக் காட்டுதல் பெருஞ்செலவாகும் என்பதனாலேயே, மனிதரை ஒளிக்கற்றையாக்கி இறக்கும் கருவி கற்பிக்கப்பட்டது. செலவுக்கு அஞ்சிச் செய்தவையே பின்னர் அத்தொடர்களின் அடையாளங்களாயின என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இனி வாவிக்கரைக்கு வருவோம்.

ஏறத்தாழ ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளமுடைய இவ்வாவி, ஞாயிறு எழும் பக்கத்தை எழுவான்கரையென்றும் படும் பக்கத்தைப் படுவான்கரையென்றும் பிரித்துக் கிடக்கின்றது. எழுவான்கரையில் தென்னையும் மீன்பிடியும், படுவான்கரையில் நெல்வயலும் மந்தையும் மக்களின் வாழ்வுக்கு ஆதாரமாயின. பெரும்போக அறுவடை முடிந்து சூடடித்து நெல் வீடுசேர்ந்த பின்னரே கூத்துக்குரிய காலம் பிறக்கும். அறுவடைக்கு முன்னர்க் கையிற் காசுமில்லை. இரவிற் காவலுக்குச் செல்லும் உழவனுக்கு ஓய்வுமில்லை. ஆதலின் கூத்தின் நாட்காட்டியை நெல்லே வகுத்தது என்னலாம்.

இத்தகைய உழவர் சமூகத்தில் எவை அரியன, எவை எளியன எனக் கணக்கிடுவோம். காசு அரிது. பட்டும் சரிகையும் அரிது. எண்ணெயும் விளக்கும் எண்ணிச் செலவிடவேண்டியவை. காட்சித்திரை, மேடைப்பொருள் என்பன நினைப்பிலும் இல்லாதவை. எளிதிற் கிடைப்பனவோ வேறு: அறுவடைக்குப் பிந்திய நீண்ட இரவுகள், உடல்வலிமையுடைய இளைஞர் பலர், பாடத்தெரிந்த தொண்டைகள், கேட்டுப் பழகிய பாரத இராமாயணக் கதைகள், மண், தென்னோலை, வாழை, கமுகு. இவ்விரு பட்டியல்களையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்குக் கூத்தின் உருவம் ஏன் அவ்வாறு அமைந்தது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். அரியவற்றைச் சுருக்கியும் எளியவற்றை வாரியிறைத்தும் அமைந்த கலை அது.

களரியை எடுத்துக்கொள்வோம். ஊரின் வெளியிலோ கோயில் முன்றிலிலோ மண்ணை வட்டமாக உயர்த்தி, சுற்றிலும் கால்கள் நாட்டி, மேலே வெள்ளைகட்டி அமைப்பதே வட்டக்களரியாகும். மண் வெட்டுவோர் ஊரார். வெள்ளைகட்டுதல் மரபுவழி உரிமையாகவும் கடமையாகவும் ஒரு குடியினர்க்கு உரியது. கால்களும் ஓலையும் வளவுகளிலிருந்து வருவன. காசு கொடுத்து வாங்கவேண்டியது இதில் மிகச் சிறிதே. வாழைக்குற்றிகளின் மேல் வைத்த எண்ணெய் விளக்குகளும் பிற்காலத்திற் பெற்றோமாக்ஸ் விளக்குகளுமே ஒளி தந்தன. சபையோர் நாற்புறமும் சூழ்ந்திருத்தலின் பின்னணித் திரைக்கு இடமேயில்லை. இடமின்மையும் தேவையின்மையும் இங்கு ஒன்றாகவே வந்தன. நாடும் காடும் அரண்மனையும் பாட்டினாலேயே எழுப்பப்பட்டன. தேரேறி வருதலை ஆட்டத்தினாலேயே காட்டினர். மங்கிய வெளிச்சத்தில் முகத்தின் நுண்ணிய மெய்ப்பாடுகள் தொலைவிலிருப்போர்க்குத் தெரியா. ஆகவே காலடியும் உடல் வீச்சுமே பேசவேண்டியிருந்தன. எட்டுப்போடுதல், பாய்ச்சல், வீசாணம், நாலடி, குந்துநிலை முதலிய ஆட்டக்கோலங்கள் செழித்ததற்கும் முகபாவம் பெரிதும் வளராமைக்கும் விளக்கெண்ணெய்யின் அருமையும் ஒரு காரணம் எனக் கொள்வதில் தவறில்லை.

உடையைப் பொறுத்தவரை நிலைமை சற்று வேறு. காசு செலவாகும் இடம் இதுவே. வடமோடியில் அரசர் முதலியோர் அணியும் கரப்புடுப்பு, இடையிலிருந்து கூடுபோல் விரிந்து நிற்பது. கரப்பென்பது ஆழமற்ற நீரில் மீன்பிடிக்க உதவும் கூடாதலின், வாவிக்கரை மக்கள் தம் தொழிற்கருவியின் வடிவை அரசனின் உடையிற் கண்டு அப்பெயரிட்டனர் என ஊகித்தல் பொருந்தும். இலேசான மரத்திற் செய்த முடிகளிலும் புயங்களிலும் கண்ணாடித் துண்டுகளும் வண்ணத்தாள்களும் பதிக்கப்பட்டன. விலையுயர்ந்த ஒன்றைப்போலத் தோற்றுவிப்பதற்கு விலைகுறைந்த ஒன்றைக் கையாளும் திறமை இதிற் புலனாகின்றது. விளக்கொளியில் ஒரு துண்டுக் கண்ணாடி தருகின்ற மினுக்கத்தைப் பகலொளியிற் பொன்னும் தராது. இவ்வுடைகளின் பாரமும் பருமையும் ஆட்டத்தையும் கட்டுப்படுத்தின. வடமோடியின் வீறும், தென்மோடியின் நுணுக்கமான ஆட்டமும் அவ்வவற்றின் உடையோடு சேர்த்து நோக்கற்பாலன.

இவற்றினும் முக்கியமானது வரவு பற்றிய செய்தியாகும். ‘வரவு’ என்னுஞ் சொல் கூத்தில் ஒரு பாத்திரம் களரியில் முதன்முறை தோன்றுவதைக் குறிக்கும். கணக்கில் வருமானத்தைக் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒரு சொல்லிற் கூடியமை தற்செயலே. ஆயினும், மட்டக்களப்புக் கூத்துக்களின் அமைப்பை விளக்குதற்கு இதனினும் பொருத்தமான சொல் கிடைப்பதரிது.

ஒவ்வொரு பாத்திரமும் தனக்குரிய வரவுப்பாட்டோடும் தாளக்கட்டோடும் தோன்றி, களரியைச் சுற்றி ஆடி, தன்னைப் பற்றிக் கூறி, அதன்பின்னரே கதைக்குள் நுழையும். அரசன், அமைச்சன், தம்பியர், தேவியர், தோழியர், தூதுவர் எனப் பாத்திரங்கள் பலவாகுமிடத்து இவ்வரவுகளே இரவின் பெரும்பகுதியைக் கொண்டுவிடும். கதை நடுச்சாமத்தின் பின்னரே சூடுபிடிக்கின்றது எனக் குறைகூறுவோர் உளர். நவீன நாடகத்தின் அளவுகோலால் அளந்தால் அக்குறை நியாயமானதே. ஆனால் இவ்வரவுகளுக்கு யார் பொருள் தந்தனர் எனக் கேட்போமாயின் வேறொரு விளக்கம் தோன்றும்.

கூத்து ஊரின் பொதுப்பணத்தில் மட்டும் ஆடப்பட்டதன்று. கூத்தாடும் இளைஞன் தன் உடைக்கும் சதங்கைக்கும் அண்ணாவியாருக்குரிய பங்குக்கும் தன் குடும்பத்திலிருந்தே பொருள் கொண்டுவந்தான். அவன் களரியிற் தோன்றும்பொழுது அவனது மாமனும் மைத்துனரும் வெடிகொளுத்தினர், மாலையிட்டனர், பணம் அன்பளித்தனர். எனவே கூத்தன் ஒருவன் கூடுதலாகச் சேர்வது செலவன்று, வருமானம். தொலைக்காட்சி நாடகத் தயாரிப்பாளன் செலவைக் குறைக்க நடிகரின் தொகையைக் குறைக்கின்றான். வாவிக்கரை ஊரிலோ செலவைச் சமாளிப்பதற்கு நடிகரின் தொகையைக் கூட்டினர். ஐந்து தம்பியர் வேண்டிய கதையில் ஐவரும் வருவர். ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரவுண்டு. ஒரு குடும்பத்துப் பிள்ளைக்கு நீண்ட வரவும் மற்றொரு குடும்பத்துப் பிள்ளைக்குக் குறுகிய வரவும் கொடுப்பின் அது கலைப்பிரச்சினையாக நில்லாது, குடிப்பிரச்சினையாகிவிடும். பாத்திரங்களைப் பங்கிடும் ‘சட்டம் கொடுத்தல்’ என்னும் நிகழ்ச்சி நாள்பார்த்துச் சடங்காக நடத்தப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். எப்பாத்திரம் யாருக்கு என்பது குலம், குடி, வசதி, உறவு ஆகிய யாவும் சேர்ந்து தீர்க்கும் விடயம். அண்ணாவியாரின் கலைக்கண் மட்டும் அதனைத் தீர்மானித்துவிட முடியாது. திறமையுடையோன் ஏவலாளாகவும் வசதியுடையோன் அரசனாகவும் வந்த களரிகள் இல்லாமற் போகா. கூத்தைச் சமத்துவக் கலையாகக் காட்ட முற்படுவோர் இப்பக்கத்தையும் மறைத்தலாகாது.

சட்டம் கொடுத்தபின் கிழமைக்கூத்து, சதங்கையணிதல், அடுக்குப்பார்த்தல் எனப் படிப்படியாக மாதக்கணக்கில் இப்பயிற்சி நீடிக்கும். அரங்கேற்றத்தின் பின்னரும் கூத்து முடிவதில்லை. வீட்டுக்கு வீடு சென்று ஒவ்வொரு கூத்தனின் முற்றத்திலும் சிறுபகுதியொன்றை ஆடி அன்பளிப்புப் பெறும் வழக்கம் இருந்தது. இவ்வழக்கம் இருவகையில் நோக்கத்தக்கது. ஒன்று, பட்ட செலவை ஈடுசெய்யும் வழி. மற்றொன்று, முழுக்கூத்திலிருந்து ஒரு துண்டைத் தனியே பிரித்தெடுத்துக் குறுகிய நேரத்தில் ஆடிக்காட்டும் பயிற்சி. சுருக்கி ஆடுதல் பல்கலைக்கழகத்தாரின் கண்டுபிடிப்பு என எண்ணுவோர் இதனைக் கருதுவது நன்று. முற்றத்திலே எதை ஆடினால் வீட்டார் மகிழ்வர், எதை விட்டாலும் குறைதோன்றாது என்பதை அண்ணாவிமார் நன்கறிந்திருந்தனர்.

கதையைத் தேர்ந்து பகுக்கும் முறையிலும் இப்பொருளாதாரம் தொழிற்பட்டது. பாரதம் முழுவதையும் ஓரிரவில் ஆடுதல் இயலாது. பதின்மூன்றாம் போர், பதினெட்டாம் போர் என நாட்கணக்கிற் பகுத்துக்கொண்டனர். ஒரு போர்நாளே ஓரிரவுக் கூத்தாயிற்று. பதின்மூன்றாம் நாள் அபிமன்னன் மடியும் நாள். பல்லாயிரவர் பொருத களத்தைக் காட்டுதற்கு ஊரில் ஆளில்லை, களரியில் இடமில்லை. ஆகவே இருவர் எதிரெதிர் நின்று வாதாடி, வசைபாடி, பின்னர்த் தாளக்கட்டுக்கேற்ப ஆடிப் பொருவதாகப் போர் சுருங்கியது. சேனையின் அழிவு பாட்டிலே சொல்லப்படுவது. தனிவீரரின் மோதல் கண்ணாற் காணப்படுவது. இதனால் நேர்ந்த விளைவு எளியதன்று. போர் என்பது பெருந்திரளின் மோதலாக அன்றி, இரு மனிதர் தத்தம் நியாயத்தை எடுத்துரைக்கும் வழக்காகக் களரியில் உருமாறிற்று. கன்னனும் அருச்சுனனும் எதிர்நிற்கையிற் சபையோர் கேட்கக் காத்திருந்தது வாளோசையையன்று. அவ்விருவரும் ஒருவரையொருவர் கேட்கும் கேள்விகளை. முன்னர்க் குறித்த தொலைக்காட்சித் தொடரில் நால்வர் ஓரறையில் அடைபட்டபொழுது நேர்ந்ததும் இதுவன்றோ? ஆள்தொகை சுருங்குமிடத்துப் பேச்சு முதன்மை பெறுகின்றது.

தென்மோடிக் கூத்துக்களில் தொடர்ந்து வரும் கட்டியகாரனையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம். அவன் அறிவிப்போன், ஏவலாள், நகைச்சுவையாளன் எனப் பல தொழிலை ஒருவனாகவே செய்தான். ஒரு கூத்தனின் உணவுச் செலவில் நான்கு பாத்திரங்கள் கிடைத்தன.

இதற்கு நேர்மாறான ஒரு நிலையையும் காட்டுதல் வேண்டும். தமிழ்நாட்டின் தொண்டை நாட்டுப் பகுதியிலே திரௌபதையம்மன் விழாக்களிற் பாரதக் கூத்தின் முடிவில் துரியோதனன் வீழ்தலைக் காட்டுதற்கு நிலத்திலே மிகப்பெரிய மண்ணுருவம் ஒன்றை அமைப்பர். அதனைப் படுகளம் என்பர். பட்டு இல்லாத ஊரிலும் மண்ணுண்டு. மண்ணைக் குழைக்கும் கைகளுண்டு. எனவே அங்கு உருவம் பருமையிலே பெருகியது. மட்டக்களப்புக்குத் தெற்கே பாண்டிருப்புத் திரௌபதையம்மன் கோயிலில் நிகழும் பதினெட்டு நாள் விழாவில் வனவாசம் செல்லும் பாண்டவர் வீதிவழியே ஊர்வலமாகச் செல்கின்றனர்; தீமிதிப்போடு விழா நிறைவெய்துகின்றது. ஊர் முழுவதுமே அங்குக் களரி. செலவும் ஊர் முழுவதற்கும் உரியது, பக்தியாற் கொடுக்கப்படுவது. அதனாற்றான் அங்குப் பாரதத்தை ஓரிரவுக்குள் அடைக்கவேண்டிய நெருக்கடி எழவில்லை. கூத்துக்கும் சடங்குக்கும் இடையே நாம் பேசும் வேறுபாடுகளுட் சில, செலவை ஏற்போர் யார் என்னும் வேறுபாட்டினின்றும் பிறந்தவை.

இனி, நம் கட்டுரையின் முக்கிய பகுதிக்கு வருகின்றோம். பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரர் 1956ஆம் ஆண்டு நவம்பரில் ‘மனமே’யை மேடையேற்றியது சிங்கள நாடக வரலாற்றில் மட்டுமன்றித் தமிழ் நாடக வரலாற்றிலும் தாக்கத்தை ஏற்படுத்தியது. இலங்கைக் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைமையை ஏற்றிருந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன், பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ (1964), ‘வாலிவதை’ (1968) ஆகியவற்றை மேடையேற்றினார். வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் கர்ணன் போருக்கு ஆட்டம் பழக்கினார். மாணவராயிருந்த சி. மௌனகுரு இராவணேசனை எழுதியதோடு இராவணனாகவும் ஆடினார். விடியவிடிய ஆடிய கூத்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்தது. வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. பெண்பாத்திரங்களை மாணவியர் ஏற்றனர். பிற்பாட்டுக்காரர் பாடல்களைத் திரும்பத்திரும்பப் பாடுதல் குறைக்கப்பட்டது. வரவுகள் சுருங்கின.

இம்மாற்றங்களைச் செம்மையாக்கம் என்றும், நகரத்தார்க்கு ஏற்ற புத்தாக்கம் என்றும் பாராட்டியோர் உளர். மரபுச் சிதைவு எனக் கண்டித்தோரும் உளர். இரு சாராரும் மாற்றத்தின் காரணத்தை நெறியாளரின் கலைநோக்கிலேயே தேடினர். நாம் இதனைச் சற்று வேறாக நோக்குகின்றோம். பல்கலைக்கழகத்தில் மாறியது கூத்தின் வளப்பட்டியலே. வாவிக்கரையில் எளிதாயிருந்தவை பேராதனையில் அரிதாயின, அரிதாயிருந்தவை எளிதாயின. மின்னொளி தாராளமாக இருந்தது. மண்டபமும் திரையும் இருந்தன. ஆனால் இரவு இல்லை. மண்டபத்துக்குக் கால எல்லையுண்டு, பார்ப்போர்க்கு மறுநாள் வேலையுண்டு, மாணவர்க்குப் பரீட்சையுண்டு, மாதக்கணக்கிற் கிழமைக்கூத்து ஆட எவர்க்கும் ஓய்வில்லை. வரவின்போது வெடிகொளுத்தி அன்பளிக்கும் மாமன்மாரும் அம்மண்டபத்தில் இல்லை. அன்பளிப்பற்ற இடத்தில் நீண்ட வரவு பொருளற்றதாயிற்று. செலவைச் சங்கமும் நிறுவனமும் ஏற்குமிடத்துப் பாத்திரங்களின் தொகையைக் கூட்டவேண்டிய தேவையுமில்லை. ஆகவே, வித்தியானந்தன் அவர்களின் பெருமை கூத்தைச் சுருக்கியமையிலன்று. எவ்வாறாயினும் சுருங்கவேண்டியிருந்த இடத்தில், ஆட்டத்தையும் தாளக்கட்டையும் விட்டுக்கொடாமற் சுருக்கியமையிலே தங்கியுள்ளது. அதே நெருக்கடியில் ஆட்டத்தை விட்டுப் பாட்டை மட்டும் வைத்துக்கொள்வதே மலிவான வழியாயிருந்திருக்கும்.

இராவணேசன் இவ்வகையிலே தனித்து நோக்கத்தக்கது. பழைய கூத்தொன்றைச் சுருக்காது, புதிய வளப்பட்டியலுக்கென்றே எழுதப்பட்ட நாடகம் அது. இராமகாதையின் போர்ப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒருவனது மனத்தின் வீழ்ச்சியை மையமாக்கியமை, குறுகிய நேரமும் சில நடிகரும் வழங்கிய வாய்ப்பைச் சுமையாகக் கருதாது பயன்படுத்தியமைக்குச் சான்றாகும். மௌனகுரு அதனைப் பிற்காலத்திற் கிழக்குப் பல்கலைக்கழகச் சூழலில் மீண்டும் தயாரித்தபொழுது ஆட்களும் இசைக்கருவிகளும் பெருகின. காட்சியின் பருமையும் பெருகிற்று. முதலாவது தயாரிப்பின் நெருக்கத்தை விரும்புவோரும் பின்னையதன் விரிவை விரும்புவோரும் இன்றும் உளர். எம்மைப் பொறுத்தவரை நெருக்கத்தின் பக்கமே சாய்கின்றோம் என்பதை மறைக்கவில்லை.

வானொலியும் தொலைக்காட்சியும் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. இலங்கை வானொலியில் ‘சானா’ என வழங்கிய சண்முகநாதன் போன்றோர் வளர்த்த நாடகங்களில் உடையும் ஒளியும் தேவையற்றுப்போயின. குரல் ஒன்றே முதலாயிற்று. அதனாற் பேச்சுத்தமிழ் அங்கு முன்னெப்போதுமில்லாத சிறப்பைப் பெற்றது. 1979இற் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 பெப்ரவரி 15இல் ரூபவாகினியும் தொடங்கியபொழுது, நேரமும் கலையகமும் பணமும் ஒருங்கே அரியனவாயின. அவற்றுட் தமிழுக்குக் கிடைத்த பங்கு மேலும் சிறிது. கலையகத்துக்குள் வந்த கூத்து சில நிமிடத் துண்டாகவே வரமுடிந்தது. அரைவட்டமாக நிற்கும் ஒளிப்பதிவுக் கருவிகளின் முன் வட்டமாக ஆடும் ஆட்டம் முதுகைக் காட்டாது ஆடப் பழகவேண்டியதாயிற்று. நாற்புறமும் பார்ப்போரைக் கொண்ட கலை ஒருபுறத்தை மட்டும் நோக்குவதால் இழப்பது எதுவெனக் கூத்தாடியவரே சொல்லவேண்டும்.

எல்லாவற்றினும் பெரிய மாற்றம் கலையகத்திலோ பல்கலைக்கழகத்திலோ நேர்ந்ததன்று. 1983இன் பின் விரிந்து 2009வரை நீடித்த போர்க்காலத்தில் வாவிக்கரையார் இழந்தவற்றுள் இரவும் ஒன்று. ஊரடங்கும், சுற்றிவளைப்பும், சோதனைச் சாவடிகளும், துறைகடந்து படுவான்கரைக்குப் போய்வருவதிலிருந்த அச்சமும் இரவை மக்களிடமிருந்து பறித்தன. இளைஞர் கூடிநின்றாலே ஐயத்துக்குரியோராயினர். மாதக்கணக்கில் இரவிற் கூடி மத்தளம் முழக்கிப் பழகுதல் எங்ஙனம்? பிறர் நாடும் ஊரும் விட்டகன்றனர். கூத்தின் இரு பெருஞ்செல்வங்களாகிய இரவும் இளைஞரும் ஒருங்கே அரியனவாயின. காசில்லாமற் கூத்தாடிய ஊர்கள் பல. இவ்விரண்டுமின்றி ஆடுதல் எவ்வூர்க்கும் அரிது. 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை எழுவான்கரையிற் செய்த அழிவு இதன்மேலும் வந்து விழுந்தது. இத்தகைய காலத்திலும் களரிகள் முற்றாக ஓயவில்லை என்பது வியப்புக்குரியது.

இக்காலப்பகுதியிலேதான், 2000களின் தொடக்கத்தில், சி. ஜெயசங்கரும் அவரோடு இயங்கியோரும் சீலாமுனை ஊராரோடு சேர்ந்து கூத்து மீளுருவாக்கம் என்னும் முயற்சியில் இறங்கினர். கூத்தை மண்டபத்துக்குக் கொண்டுசெல்லாது, களரியிலேயே வைத்து, ஆடும் ஊராரே தம் கூத்தின் கருத்துக்களை மீளாய்வு செய்து மாற்றுதல் அதன் நோக்கம். பெண்ணையும் தாழ்த்தப்பட்டோரையும் பழிக்கும் பகுதிகளை ஊராரே விவாதித்தனர். பேராதனை முயற்சிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கொள்கை வேறுபாடாகப் பலர் எழுதியுள்ளனர். அது சரியே. ஆயினும் செலவுக் கணக்கிலும் அவ்வேறுபாடு உளது. முன்னையதிற் செலவை நிறுவனம் ஏற்றது. எனவே எதை வெட்டுவது என்பதை நிறுவனத்திலிருந்தோர் தீர்மானித்தனர். பின்னையதில் உழைப்பும் இரவும் ஊராருடையவை. எனவே தீர்மானமும் ஊராரிடம் தங்கிற்று.

இன்று மூன்றாவதொரு நிலை பரவிவருகின்றது. விழாக்களுக்கும் செயற்றிட்டங்களுக்குமென வெளியார் பொருளுதவி செய்கின்றனர். இருபது அல்லது முப்பது நிமிடம் ஒதுக்கப்படுகின்றது. உடையும் வாகனமும் கிடைக்கின்றன. உதவுவோரின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் உதவி கிடைக்கும் வகையைக் கூத்து தன் உருவத்தாற் பதிவுசெய்துகொள்ளும் என்பதை மேலே கண்டோம். இருபது நிமிடத்துக்கென்றே கூத்துப் பழகும் ஒரு தலைமுறைக்குக் கந்தார்த்தமும் கொச்சகமும் விரிந்து நிற்கும் நடுச்சாமப் பகுதி கொப்பியில் மட்டும் இருக்கும். விறுவிறுப்பான ஆட்டங்களே தேர்ந்தெடுக்கப்படுதலின், வாதமும் புலம்பலும் முதலில் உதிர்கின்றன. கூத்தின் உயிர் எங்கே உளது என்பதில் எமக்கும் பிறர்க்கும் கருத்துவேறுபாடு இருக்கலாம். முதலில் உதிர்வது எது என்பதிலே வேறுபாட்டுக்கு இடமில்லை.

ஆய்வுமுறை பற்றி ஒன்று கூறி அமைவோம். வித்தியானந்தன் அவர்கள் ‘அலங்காரரூபன் நாடகம்’ முதலியவற்றைப் பதிப்பித்த காலந்தொட்டு, கூத்துக் கொப்பிகளைத் தேடிப்பெறும் பணி நடந்துவருகின்றது. வி.சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகமும்’ (1964) மௌனகுருவின் மட்டக்களப்பு மரபுவழி நாடக ஆய்வும் பாட்டையும் ஆட்டத்தையும் சடங்கையும் விரிவாகப் பதிந்துள்ளன. கொப்பியைக் கேட்டுச் செல்வோர், அதே பெட்டியிற் கிடக்கும் மற்றக் கொப்பியையும் கேட்டல் வேண்டும்: யார் எத்தனை மூடை நெல் தந்தார், பெற்றோமாக்ஸுக்கு என்ன கூலி, அண்ணாவியாருக்கு வேட்டியும் சால்வையும் எவ்வளவு, எவரது வரவுக்கு எவர் அன்பளித்தார் என்னும் கணக்கு எழுதிய கொப்பி. அதனை எழுதி வைத்தோர் முதியோராயினர். பாட்டெழுதிய தாளுக்குக் கிடைக்கும் மதிப்பு கணக்கெழுதிய தாளுக்குக் கிடைப்பதில்லையாதலால், வீடு மேயும்போதும் இடம்பெயரும்போதும் முதலிற் கைவிடப்படுவது அதுவே. வந்தாறுமூலையிலேயே இன்று பல்கலைக்கழகம் ஒன்று இருக்கின்றது. அதன் வாயிலிலிருந்து நடந்துசெல்லும் தொலைவிலுள்ள வளவுகளிலிருந்தே இத்தேடலைத் தொடங்கலாம்.